இடிதாங்கித் தேர்வுக் குழு

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களைக் கொண்டு அளப்பது பழைய பழக்கம். அது எதை முன்னால் நிறுத்தி அடிவாங்க வைக்கிறது என்பதைக் கொண்டு அளப்பதே சரியான முறை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகமே கொண்டாடுகிறது. அந்தச் சக்கரம் உருண்டுபோய் எதிலாவது முட்டும் என்று முன்கூட்டியே யோசித்தவனை எவரும் கொண்டாடவில்லை. அந்தக் குறையை எங்கள் அலுவலகம் தீர்த்து வைத்தது. ஒரே ஒரு முன் பம்பர் வாங்குவதற்காக ஒரு குழு அமைத்தோம். அது கூடியது, கலைந்தது, கலைந்ததைப் பற்றிப் பேச மறுபடி கூடியது. அந்தக் குழுவின் செயலர் நான். கூட்டத்தில் பேசாமல் இருப்பதும், மற்றவர்கள் பேசியதை எழுதி வைப்பதும் என் பொறுப்பு. இரண்டிலும் எனக்கு நல்ல பெயர் உண்டு.

எங்களுடையது சாலைப் பராமரிப்பு அலுவலகம். நாங்கள் பராமரிக்கும் சாலைகளில் சாதாரண வண்டிகள் ஓடுவது கடினம் என்பதால், சாலையே இல்லாத காட்டிலும் மேட்டிலும் ஓடக்கூடிய ஒரு பெரிய ஜீப்பை மேலிடம் எங்களுக்கு வழங்கியிருந்தது. இதில் முரண்பாடு காண்பவர்கள் நிர்வாகம் தெரியாதவர்கள்.

வண்டி நல்ல வண்டி. பாறை மேல் ஏறும், ஓடைக்குள் இறங்கும். அதனால் தாண்ட முடியாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் அலுவலக வாசலில் இருக்கும் குழி.

குழியை நாங்கள்தான் தோண்டினோம், வடிகால் குழாய் பதிக்க. குழாய் இன்னும் வரவில்லை. குழியின் வெளிப்பக்கப் பாதி எங்கள் பிரிவைச் சேர்ந்தது. உள்பக்கப் பாதி கட்டடப் பிரிவைச் சேர்ந்தது. எங்கள் பாதியை மட்டும் மூடிவிடலாம் என்று ஒருமுறை முயன்றோம். போட்ட மண் சரிந்து அவர்கள் பாதிக்குப் போய்விட்டது. "தங்கள் மண்ணை உடனடியாக அகற்றிக்கொள்ளவும்" என்று கடிதம் வந்தது. அகற்றிக்கொண்டோம். எங்களுக்கும் மானம் உண்டு.

இந்தக் குழியில்தான் வண்டியோடு வந்த முதல் பம்பர் போனது. பின் சீட்டில் எங்கள் தலைமை அதிகாரி இருந்தார். வயதில் அவர் பெரியவர் அல்ல. நாற்காலி பெரியது என்பதால் "பெரியவர்" என்போம். "விடு, விடு, மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்றார். விடு என்றால் விட வேண்டியது ஓட்டுநரின் கடமை. விட்டான். பம்பர் வண்டியை விட்டது. அதே வகையில் இன்னொன்று வாங்கி மாட்டினோம். அதுவும் அதே குழியில், அதே "விடு"வில் போனது. தீர விசாரித்தபின் பெரியவர் ஓர் உத்தரவு போட்டார்: இவையெல்லாம் ஓட்டுநரின் அஜாக்கிரதை, மூன்றாவது பம்பருக்கு ஏதாவது ஆனால் அவர் பணி தொடராது.

அந்த ஓட்டுநர் என் மனைவியின் தம்பி. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன் நான். ஆபீசில் என்னை "சார்" என்பான், வீட்டில் "அத்தான்". கோபம் வந்தால் மட்டும் "அத்தான் சார்".

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் என் மனைவி கேட்டாள்: "அவன் வேலை போச்சுன்னா எங்க போவான்?"

"எங்க போவான்?"

"எங்கயும் போக மாட்டான். இந்த சோபாவுலதான் இருப்பான்."

நான் அப்போது அந்த சோபாவில் சாய்ந்திருந்தேன். என் ஆட்சி செல்லுபடியாகும் ஒரே பிரதேசம் அது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பம்பர் என்பது வெறும் உதிரிப் பொருள் அல்ல, குடும்ப நலத் திட்டம் என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது.

மறுநாள் குழு அமைந்தது. தலைவர் பெரியவர். உறுப்பினர், "கணக்கு" என்று எல்லோராலும் அழைக்கப்படும் கணக்கு அதிகாரி. முதல் கூட்டம் முழுவதும் பெயர் சூட்டுவதில் போனது. கோப்பில் தட்டச்சுப் பிழையாக "முன் பம்பரம் ஒன்று" என்று விழுந்திருந்தது. கணக்கு அதைத் திருப்பி அனுப்பியிருந்தார்: விளையாட்டுப் பொருள்களுக்கு நிதி இல்லை, இருந்தாலும் சாட்டைக் கயிறு இதில் சேருமா, தனியா?

"இந்தக் குழப்பமே வேணாம். நல்ல தமிழ்ல ஒரு பேர் சொல்லுங்க" என்றார் பெரியவர்.

"இடிதாங்கின்னு வைக்கலாம் சார்" என்றேன்.

"அது மொட்டை மாடியில வைக்கிறதுல்ல?" என்றார் கணக்கு. "மின்னலுக்கு."

"இடி மேல இருந்து வந்தா என்ன சார், எதிர்ல இருந்து வந்தா என்ன. தாங்கினா சரி."

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். "தாங்கணும். எதிர்த்துப் பேசக் கூடாது. நாம பின்னாடி பத்திரமா இருக்கணும். நல்ல பேர்" என்றார். எழுதிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பம்பர் வியாபாரி வந்தார். படங்கள் கொண்டுவந்திருந்தார். பேச்சு தேன்.

"கம்பெனியோட வர்ற பம்பர் பிளாஸ்டிக் சார். அது மூஞ்சிக்குப் போடற பவுடர் மாதிரி. பார்வைக்குத்தான். அடி தாங்கணும்னா வெளியில வாங்கி மாட்டணும். நம்மகிட்ட மூணு ரகம். அலுமினியம், 'மான்'. எடை கம்மி, ஆனா நசுங்கும். மெல்லிசு இரும்பு, 'எருமை'. கெட்டி இரும்பு, 'காண்டாமிருகம்'. அடிப்பக்கம் மேல ஏத்தி வெட்டியிருக்கு, மேட்டுல தட்டாது. நேரா வண்டியோட சட்டத்துலயே போல்ட் போட்டு முடுக்கிடுவோம்."

"எடை?" என்றார் கணக்கு.

"இருக்கும் சார். முன் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும். அதையும் மாத்திக்கலாம்."

"காண்டாமிருகம் யார் யார் வாங்கறாங்க?" என்றார் பெரியவர்.

"அதிகாரிங்க எல்லாம் அதைத்தான் சார் விரும்பறாங்க. தோல் கெட்டி."

பெரியவருக்கு மிகவும் பிடித்துப்போனது. வியாபாரி உற்சாகமாகி, "இதுல வின்ச் மாட்டலாம் சார். சேத்துல மாட்டிக்கிட்டா, எதிர்ல இருக்கற மரத்துல கயித்தைக் கட்டிட்டு வண்டி தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வெளிய வந்துடும்" என்றார்.

"தன்னைத்தானேவா?" என்றார் கணக்கு ஏக்கத்தோடு. "ஆபீசுக்கு மாட்ட முடியுமா?"

"சரி, எந்தக் காட்டுக்குப் போகப் போறீங்க சார்? அதைப் பொறுத்துத்தான் ரகம் சொல்ல முடியும்."

பெரியவர் சன்னலைப் பார்த்தார். கணக்கு கூரையைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க வாசலுக்கு."

வியாபாரி எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "காண்டாமிருகம்தான் சார்" என்றார்.

அன்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மைத்துனனிடம் நற்செய்தியைச் சொன்னேன். "கெட்டி இரும்பு மாப்ளே. இனிமே உன் வேலைக்கு ஆபத்தில்லை."

"குழியை மூடிட்டா பழைய பம்பரே போதுமே அத்தான் சார்."

"குழியை மூட வேற ஒரு குழு வேணும்டா."

"குழிக்குக் குழுவா, குழுவுக்குக் குழியா?" என்றான்.

இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காண்டாமிருகம் வந்து வண்டியின் முகத்தில் உட்கார்ந்தது. கறுப்பு, அகலம், பார்த்தாலே வழிவிடத் தோன்றும். திங்கட்கிழமை காலை குழு முன்னிலையில் "குழிச் சோதனை" என்று முடிவானது. வண்டி வேகமாக வந்து குழியில் இறங்கி ஏற வேண்டும். பம்பர் பிழைத்தால் ஓட்டுநரும் பிழைப்பார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி பாதியிலேயே நிறுத்தினாள்.

"இரும்புன்னா வளையாதா?"

"கெட்டி இரும்பு."

"கெட்டி இரும்பு வளையாதா?"

இரவெல்லாம் வளைந்த இரும்பும் சோபாவும் மாறி மாறிக் கனவில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கிளம்புங்க" என்றாள். எங்கள் வீட்டுப் பின்சுவரை இடித்தபோது விழுந்த செங்கல் துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. மூன்று பேரும் அவற்றைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனோம். அலுவலக வாசலில் ஈ காக்கை இல்லை. மைத்துனன் கொட்டினான், நான் பரப்பினேன், என் மனைவி மேலே ஏறி நின்று மிதித்தாள். அந்த மிதியில் சில கற்கள் பெரியவர், சில கற்கள் கணக்கு, நடுவில் இருந்த பெரிய கல் நான் என்று பிறகு சொன்னாள். ஒரு மணி நேரத்தில் வாசல் சமமானது.

இரண்டு பிரிவுகளுக்கும் தெரியாமல், எந்த அனுமதியும் இல்லாமல், நாங்கள் மூவரும் ஒரு சாலையைப் பராமரித்துவிட்டோம். என் இத்தனை வருட உத்தியோகத்தில் அது முதல் முறை. மைத்துனன் அந்த இடத்தில் நாலு தடவை நடந்து பார்த்தான். "நல்லா இருக்குல்ல அத்தான்" என்றான். இருந்தது.

திங்கட்கிழமை காலை வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரியவர் வந்தார், கணக்கு வந்தார், வியாபாரி கேமராவோடு வந்தார். கட்டடப் பிரிவிலிருந்தும் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மைத்துனன் வண்டியைத் தூரத்தில் உறுமவிட்டு நின்றான். பெரியவர் கையை உயர்த்தியவர், அப்படியே நிறுத்தினார்.

"குழி எங்க?"

எல்லோரும் தேடினார்கள். கணக்கு நாற்காலிக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துச்சே" என்றார்.

"குழி இல்லாம எப்படி சார் காட்டறது?" என்றார் வியாபாரி. "இப்ப யாரு வேணா ஓட்டிட்டுப் போகலாமே."

"சார்" என்றார் கணக்கு தணிந்த குரலில், "நம்ம பாதியை மூடினது போகட்டும். கட்டடப் பிரிவோட பாதியையும் மூடியிருக்காங்க. இது அத்துமீறல்."

கட்டடப் பிரிவின் நாலு பேரும் ஒரே நேரத்தில் முகத்தை இறுக்கினார்கள்.

"யாரு மூடினது?" என்றார் பெரியவர்.

நான் அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் வண்டியை அணைத்துவிட்டு மைத்துனன் இறங்கி வந்துவிட்டான்.

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டு மூடினே?"

"யாரையும் கேக்கல சார். கேட்டா மூட மாட்டீங்கன்னு."

பெரியவர் அதற்கு மேல் பேசவில்லை. செயல்வீரர். குழியை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்டார். எங்கள் அலுவலகத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கட்டடப் பிரிவினர் தங்கள் பாதியைத் தாங்களே தோண்டிக்கொள்வதாக முன்வந்தார்கள். இரு பிரிவுகளும் தோளோடு தோள் நின்று செய்த முதல் பணி அது. மூட வருடக்கணக்கில் முடியாத குழியை, தேநீர் ஆறுவதற்குள் தோண்டி முடித்தார்கள். முன்பைவிட ஆழமாக.

பிறகு சோதனை நடந்தது. மைத்துனன்தான் ஓட்டினான். "விடு" என்றார் பெரியவர். விட்டான். காண்டாமிருகம் குழியில் இறங்கி, எதிர்க் கரையில் முட்டி, கரையை உடைத்துக்கொண்டு மேலே ஏறியது. வியாபாரி கைக்குட்டையால் துடைத்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. கைதட்டினோம்.

பம்பர் பிழைத்தது. ஆகவே உத்தரவுப்படி பம்பருக்காக ஓட்டுநரை நீக்க முடியாது. பெரியவர் நியாயஸ்தர், நீக்கவில்லை. குழியைச் சேதப்படுத்தியதற்காக நீக்கினார்.

குழு அறையில் நான் எழுந்து நின்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் கூட்டத்தின் நடுவே நான் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அவன் மட்டும் மூடல. நானும் மூடினேன். என் மனைவியும்."

பெரியவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "நீங்க யாரு?"

"சார்?"

"இந்தக் குழுவுல நீங்க யாரு?"

"செயலர் சார்."

"செயலரே குழியை மூடினார்னா குழு செல்லாது. குழு செல்லாதுன்னா அது எடுத்த முடிவு செல்லாது. பம்பரைக் கழட்டித் திருப்பித் தரணும்."

"மண்ணு பட்டுடுச்சு சார், திருப்பி எடுக்க மாட்டாங்க" என்றார் கணக்கு.

"கேட்டீங்களா? அதனால நீங்க ஒண்ணும் சொல்லல. எழுதிக்குங்க."

"என்னன்னு சார்?"

"செயலர் எதுவும் சொல்லவில்லைன்னு."

எழுதினேன். எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வெளியே வந்தபோது மைத்துனன் சாவியை என் கையில் வைத்தான். "விடுங்க அத்தான்" என்றான். நல்லவேளை, "சார்" சேர்க்கவில்லை.

வீட்டில் என் மனைவி சோபாவுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"சொல்லலைன்னு எழுதினேன்."

அவள் தலையணையை ஒரு தட்டுத் தட்டினாள். அது ஞாயிற்றுக்கிழமை மிதியைவிடப் பலமாக இருந்தது.

எனவே, காட்டு வண்டிக்கு உறுதியான முன் பம்பர் தேடும் அன்பர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கள் தேர்வைத் தயங்காமல் பின்பற்றலாம். ஓட்ட ஆளில்லாமல் வண்டி வாசலில்தான் நிற்கிறது. வருகிறவர்கள் குழியைச் சுற்றிவந்து, பம்பரைத் தட்டிப் பார்த்து, "நல்ல பொருள் சார்" என்கிறார்கள். உண்மைதான். இன்று வரை அதன் மேல் ஒரு கீறல் இல்லை. பெரியவர் மேல் ஒரு கீறல் இல்லை. கணக்கு மேல் இல்லை, என் மேலும் இல்லை. இடியைத் தாங்கியது எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.