மஸ்கத்தில் மூன்று பிடி உப்பு

கொட்டாஞ்சேனை,
நோன்பு பிறை இருபத்தி நாலு.

காலியில் இருக்கும் கண்ணியமிகு மச்சான் ஸஹாப்தீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் இவ்விடம் யாவரும் சுகம் என்று நான் சொல்ல, எனக்காக எழுதும் அடுத்த வீட்டு வலன்ரைன் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எழுதும், அதுதான் முறை என்றேன். சுகமில்லை மச்சான்.

உங்கள் தங்கை ஜவாஹிறா மூத்தவளின் பிள்ளைப்பேறு பார்க்கக் களுபோவிலைக்குப் போன நேரம் பார்த்து, நம் இளையவள் பைறோஸாவுக்குப் பேசியிருக்கும் கொள்ளுப்பிட்டி மாப்பிள்ளை ஷிப்லியின் உம்மா ஹபீலா, நேற்று நோன்பு திறக்க வந்து கலியாணத் தேதி வைப்பதாகச் சொல்லி அனுப்பினார். கடை இனிப்பு மரியாதை இல்லை, வீட்டிலேயே கோதுமை மஸ்கத் கிண்டுவோம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். எழுத்து எனக்கு வராது. ஆனால் எட்டு வயதில் என் உம்மா கிண்டியதைப் பார்த்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. மாவைப் பிசைந்து, கரைத்துப் பால் எடுத்து, தெளியவிட்டு, சீனிப்பாகில் ஊற்றி, நெய் கக்கும்வரை கிண்டி, கடைசியில் கொஞ்சம் உப்பு. அந்த உப்புத்தான் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும் என்று பைறோஸாவிடம் நாலு தரமும் என் தம்பி பெண்சாதி பலீலாவிடம் ஐந்து தரமும் சொன்னேன். அதுதான் வினை. நான் தொழப் போனபோது, வாப்பா மறந்துவிட்டார் என்று பைறோஸா ஒரு பிடி. அவள் நெய் எடுக்கப் போனபோது, பிள்ளை மறந்துவிட்டது என்று பலீலா ஒரு பிடி. நான் தொழுதுவிட்டு வந்து, இவர்களை நம்பக் கூடாது என்று ஒரு பிடி.

ருசி பார்க்க ஆளில்லை, வீடு முழுக்க நோன்பு. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் முறியாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருக்கிறார். ஆனால் இனிப்பைத் துப்ப என் நாக்குக்குத் தெரியாது. மதிலுக்கு மேலால் வலன்ரைனைக் கூப்பிட்டேன்.

"ஐயோ காக்கா, தவக்காலம். பாஸ்கு வரைக்கும் இனிப்புத் தொடமாட்டன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன்."

"ஒரு நகத்தளவு?"

"உங்கட நோன்பு நோன்பு, என்ர நோன்பு நோன்பில்லையோ?"

பாங்கு கேட்டது. ஹபீலா பேரீச்சம்பழம் கடித்து, உடனே மஸ்கத்தை எடுத்தார். கண் விரிந்தது. ஒரு கோப்பை தண்ணீர் குடித்தார், இன்னொன்று கேட்டார்.

"யாரு கிண்டின?"

"மகள்தான், தனியா!" என்று பெருமையாகச் சொன்னேன். அப்போது நான் தின்று பார்க்கவில்லை. பிறகு தின்றேன். மச்சான், நாங்கள் காலிமுகக் கடலைக் கிண்டியிருக்கிறோம்.

மிச்சத்தைத் தட்டோடு வாங்கிக்கொண்டு, தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஹபீலா போய்விட்டார். பைறோஸா அழுகிறாள்.

"நீங்கதானே வாப்பா நாலு தரம் சொன்ன!"

"போட்டாச்சா எண்டு ஏன் என்னக் கேக்கல்ல?"

"கேட்டா அஞ்சாந் தரமும் சொல்லுவீங்களே!"

ஆகையால் இதைக் கண்டதும் ரயிலேறி வந்து, கொள்ளுப்பிட்டிக்குப் போய், பிள்ளை மேல் பிழையில்லை, பிழை கிழவனுடையது என்று நீங்கள்தான் பேச வேண்டும். நான் போனால் பொய் சொன்ன வாய். உங்கள் வீட்டு நோன்புகள் குறைவில்லாமல் நிறைவேறவும், பிள்ளைகள் நீடூழி வாழவும் என் துஆ.

இப்படிக்கு,
மச்சான் அலவி
(பெருவிரல் அடையாளம்)

பி.கு.: உறை ஒட்டுமுன் ஹபீலாவே தட்டைக் கொண்டுவந்துவிட்டார். வெறுந்தட்டு வந்தால் பேச்சு முறிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தட்டு நிறையச் சீனி! பெருநாள் கழிந்து பத்தாம் நாள் கலியாணம். "அண்டைக்கு மகள் உண்மையாவே தனியாக் கிண்டட்டும், நீங்க அடுப்படிக்கு வரப்படாது" என்றார். நான் கிண்டியது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மகள் கிண்டின நெய் எப்பிடி வாப்பாட தாடியில?" என்கிறார். நீங்கள் பேச வர வேண்டாம் மச்சான், கலியாணத்துக்கே வாருங்கள்.