மச்சினன் குடியிருந்த பசுமைக்குடில்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் பேசிக்கொண்டிருந்தன. வேலை செய்தது ஒரு கரடி மட்டும்தான். அதன் பெயர் பூவலிங்கம்.

அந்தக் காட்டில் ஆடி மாதம் அம்மன் கொடை நடக்கும். கொடை என்றால் சாப்பாடு. ஆனால் கோடையில் செடிகொடியெல்லாம் கருகிப்போய்விடுவதால், வருஷா வருஷம் வெறும் புளி ரசம்தான். போன கொடையில் தலைவர் யானையார் ரசத்தைத் தும்பிக்கையால் உறிஞ்சிவிட்டு, "ஒரு தக்காளிகூடவா கிடைக்கல?" என்று கேட்டார். பேச்சுவாக்கில் கேட்டதுதான். ஆனால் பந்தியின் கோடியில் உட்கார்ந்திருந்த பூவலிங்கம் எழுந்து நின்றுவிட்டான்.

"ஐயா, அடுத்த கொடைக்குத் தக்காளி ரசமும் வெள்ளரிப் பச்சடியும் என் பொறுப்பு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மனைவி செங்கமலம் மட்டும் இலையைப் பார்த்தபடி, "உங்களை யாரு கேட்டா?" என்றாள்.

வீடு திரும்பியதும் பூவலிங்கம் கைப்பேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கினான். பசுமைக்குடிலில் தக்காளியும் வெள்ளரியும் வளர்ப்பது எப்படி என்று ஒரு பனிக்கரடி விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தது. மூங்கிலை வளைத்து நடு, மேலே பிளாஸ்டிக் தாளைப் போடு, பூச்சி வராமல் பக்கவாட்டில் வலையைக் கட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நேரமும் கதவைச் சாத்தியே வை, உள்ளே இருக்கிற சூடு ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்றது அந்தப் பனிக்கரடி. அதன் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூவலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கரடி இன்னொரு கரடிக்குத் தப்பாகவா சொல்லப்போகிறது?

பங்குனியில் குடில் எழுந்தது. கதவோரமாக வெள்ளரி. உள்ளே வரிசை வரிசையாகத் தக்காளி. வரிசைக்கு ஒரு கம்பி, செடிக்கு ஒரு கயிறு. நடுவில் ஒரு வெப்பமானி. வாசலில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை. காலையில் எழுந்தால் ஓடைக்கும் குடிலுக்குமாகத் தண்ணீர்க் குடத்தோடு நடப்பதும், மத்தியானம் வெப்பமானியைப் பார்த்துக் கவலைப்படுவதும், சாயங்காலம் மறுபடி நடப்பதுமாக அவன் பொழுது போனது.

சித்திரை பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதுதான் செங்கமலத்தின் தம்பி சடையாண்டி ஒரு கயிற்றுக்கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அக்கா, எங்க பக்கம் ஒதுங்க ஒரு நிழல் இல்ல. நாலு நாள் இருந்துட்டுப் போறேன்."

சடையாண்டி சொல்லும் நாலு நாள் எவ்வளவு நீளம் என்பது பூவலிங்கத்துக்குத் தெரியும். ஆனால் மனைவியின் தம்பி. "வா மாப்ளே" என்று சொல்லத்தான் வேண்டும், சொன்னான்.

வந்தவன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். பசுமைக்குடிலின் வாசலுக்கு உள்பக்கம், வெள்ளரிக்கொடி பந்தல்போலப் படர்ந்த இடத்தில், மண் ஈரமாக இருந்தது. அங்கே கட்டிலைப் போட்டான். தலைமாட்டில் இருந்த மூங்கில் தூணில் தலையைச் சாய்த்தான். கதவுக்குக் குறுக்கே காலை நீட்டினான். தூங்கிவிட்டான்.

பூவலிங்கம் குடத்தோடு வந்து பார்த்துப் பதறினான்.

"மாப்ளே! கதவைச் சாத்திட்டுப் படுக்கக் கூடாதா?"

"சாத்தினா நான் வெந்துருவேனே மச்சான்."

"தக்காளிக்குச் சூடு வேணும்ப்பா."

"அப்படின்னு தக்காளி சொல்லிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சடையாண்டி புரண்டு படுத்தான்.

அவன் குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. கிணற்றுக்குள் மோட்டார் ஓடுவதுபோல அடிவயிற்றிலிருந்து வரும். தூண் அதிரும். தூணில் கட்டிய கம்பி அதிரும். கம்பியில் தொங்கும் தக்காளிச் செடிகளெல்லாம் குளிரெடுத்ததுபோல் நடுங்கும். தூங்கி எழுந்தால் அவன் மூக்கின்மேல் மஞ்சளாக மெல்லிய தூசி படிந்திருக்கும். "குளிக்கிறதே இல்ல" என்று பூவலிங்கம் மனதுக்குள் திட்டிக்கொள்வான். எழுந்தவுடன் சடையாண்டி செய்யும் வேலை ஒன்றே ஒன்று. கையை மேலே நீட்டி, எட்டுகிற வெள்ளரிப் பிஞ்சுகளைப் பறித்துத் தின்பான்.

"மாப்ளே, அது கொடைக்கு."

"கொடைக்கு இன்னும் நாள் இருக்குல்ல மச்சான்? இது அதுவரைக்கும் நிக்காது."

பறித்த இடத்தில் மறுநாளே வேறு பிஞ்சு தொங்கும். அதையும் தின்பான்.

இதற்கு நடுவே தக்காளி காய்த்தது. கோலிக்குண்டு அளவில், பச்சையாக, கொத்துக்கொத்தாக. பூவலிங்கம் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். 'உழைப்பின் பலன்' என்று கீழே எழுதினான். யானையார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினார். யானைக்கு ஏது கட்டைவிரல் என்றெல்லாம் பூவலிங்கம் யோசிக்கவில்லை. பூரித்துப்போனான்.

அந்தப் பூரிப்பில் ஒரு வெள்ளரிக்காயைப் பறிக்காமல் குறித்து வைத்தான். நல்ல நீளம், நல்ல பச்சை. யானையாரிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுவதாகத் திட்டம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காம்பு மட்டும் இருந்தது. கட்டிலில் சடையாண்டி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பூவலிங்கத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நான் ஒருத்தன் நாயாய் உழைக்கிறேன். நீ தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறே! எந்திரி. கட்டிலைத் தூக்கிட்டுக் கிளம்பு!"

வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த நாய், "எங்களை ஏன்யா இழுக்கிறே? நாங்க அப்படி ஒண்ணும் உழைக்கிறதில்லையே" என்றது. யாரும் சிரிக்கவில்லை. சடையாண்டி எழுந்தான். முகம் சுருங்கிவிட்டது.

"சரி மச்சான். ஒரு வெள்ளரிக்காய்க்குத்தானே" என்றான். கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தான்.

அன்றிலிருந்து செங்கமலம் புருஷனிடம் பேசவில்லை. கூழை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வீட்டில்தான் இப்படியே தவிர, குடிலில் இப்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. கதவு சாத்தியே இருந்தது. யாரும் குறட்டை விடவில்லை. யாரும் வெள்ளரியைத் தின்னவில்லை. வெப்பமானியில் சிவப்புக்கோடு உச்சிக்குப் போய் நின்றது. தக்காளிப் பூக்கள் காய்ந்து உதிர்ந்தன. மிச்சம் நின்ற பூக்களும் காயாகவில்லை. வெள்ளரிக்காய்கள் பறிக்க ஆளில்லாமல் தடித்து, மஞ்சளாகிக் கசந்தன. கொடியும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பூப்பதை நிறுத்திக்கொண்டது. சடையாண்டி இருந்தபோது காய்த்த கோலிக்குண்டுகளையும் வெயில் விட்டுவைக்கவில்லை. வெந்து வெளுத்து விழுந்தன.

பூவலிங்கம் இன்னும் அதிகமாக உழைத்தான். இரண்டு குடம் சுமந்தவன் நான்கு குடம் சுமந்தான். பூ இன்னும் அதிகமாக உதிர்ந்தது.

ஒருநாள் செங்கமலம் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தாள். "முன்னால காய்ச்சுதே, அது எந்த வரிசைன்னு பார்த்தீங்களா?"

அவன் பார்த்திருக்கவில்லை. காய்த்தது ஒரே ஒரு வரிசை. சடையாண்டி தலைசாய்த்த தூணில் கட்டியிருந்த வரிசை.

அப்போது வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு கருவண்டு, "அதான் நானும் யோசிச்சேன்" என்றது. "தக்காளிப் பூவை யாராவது அதிரவைக்கணும். அப்பத்தான் மகரந்தம் கொட்டும், காய் பிடிக்கும். அது எங்க வேலை. எங்களை வலை கட்டி வெளியே நிறுத்திட்டீங்க. அப்புறம் உள்ளே யாரு அதிரவச்சதுன்னு எங்க கூட்டத்துல பெரிய பேச்சு."

பூவலிங்கம் பலகையைப் பிடுங்கித் தூர எறிந்தான். "ஐயா, தயவு செஞ்சு உள்ளே வாங்க!"

"வரமாட்டேன். எங்க சித்தப்பா இந்த மாதிரி ஒரு குடிலுக்குள்ள போய், வெளியே வர வழி தெரியாம பிளாஸ்டிக்குல முட்டி முட்டியே செத்தார். நான் பூசணிப்பூவுக்குப் போறேன்" என்று வண்டு பறந்துவிட்டது.

சரி, நாமே அதிரவைப்போம் என்று பூவலிங்கம் கம்பியைப் பிடித்து ஆட்டினான். கரடியின் கை கரடியின் கைதான். இரண்டு செடி வேரோடு வந்தன.

வேறு வழியில்லை. ஒரு பாறை இடுக்கில் வெந்துகொண்டிருந்த சடையாண்டியைத் தேடிப் போனான். "மாப்ளே, நான் பேசினது தப்பு. வந்து படு" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையானவன் ஆகையால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குறட்டை, தூண், கம்பி, மகரந்தம், கதவு, பிஞ்சு என்று ஒன்றையும் விடவில்லை.

சடையாண்டி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ இத்தனை நாளும் வேலை செஞ்சது நானா மச்சான்?"

திரும்பி வந்தவன் பழைய சடையாண்டி இல்லை. 'தக்காளி ஆலோசகர்' என்று அவனே ஒரு பலகை எழுதி மாட்டினான். சேனல் வைத்திருக்கும் கிளி பேட்டி எடுக்க வந்தது. பன்றிகளும் முயல்களும் யோசனை கேட்டு வரிசையில் நின்றன. மத்தியானமானால் அவன் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடுவான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து, "குறட்டை வருதா மச்சான்?" என்று கேட்பான்.

"இன்னும் வரல மாப்ளே. நீ தூங்கு."

"தூங்கணும்னு நினைச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது. பொறுப்பு ரொம்பக் கனமா இருக்கு மச்சான்."

கிளி படம் பிடித்துவிடுமோ என்று வெள்ளரியில் கைவைப்பதையும் விட்டான். வெளிச்சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கதவையும் அவனே சாத்தினான். கடைசியில், தூங்கிப் பார்ப்பதைவிடத் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று கண்டுகொண்டு, ஊர் ஊராகப் பேசக் கிளம்பிவிட்டான்.

வைகாசி முடியப்போனது. செடியில் பூ மட்டும் இருந்தது. கொடைக்கு எத்தனை கூடை வரும் என்று யானையார் ஆள்விட்டுக் கேட்டார். பூவலிங்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தான். திரும்பி வந்து குடிலின் கதவைத் திறந்தான். குடத்தை இறக்கினான். மூங்கில் தூணோரம் உட்கார்ந்தான். 'அம்மா தாயே, கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசினது என் தப்பு' என்று நினைத்தான். இனிமேல் எதையும் யோசிக்கத் தெம்பில்லை. தூணில் தலை சாய்ந்தது.

கூழ்ச்சட்டியோடு வந்த செங்கமலம் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் புருஷன் குறட்டை விடுவதை அவள் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. தம்பியின் குறட்டை ஒரு மோட்டார் என்றால் இது ரயில். ஒரு தூண் மட்டுமல்ல, குடிலே அதிர்ந்தது. எல்லாக் கம்பிகளும் அதிர்ந்தன. எல்லா வரிசையிலும் மஞ்சள் தூசி மெல்லக் கொட்டி அவன் மூக்கில் படிந்தது.

அவள் அவனை எழுப்பவில்லை. கதவை இன்னும் அகலமாகத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். பிளாஸ்டிக் தாளை இரண்டு பக்கமும் மேலே சுருட்டிக் கட்டினாள். நனைந்த சாக்கைக் கூரையில் போட்டாள். "பனிக்கரடி பனியிலேயே இருக்கட்டும்" என்று முணுமுணுத்தாள். பிறகு முற்றிய வெள்ளரியையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, கொடிக்குத் தண்ணீர் விட்டாள். நாலைந்து நாளில் புதுப் பிஞ்சு வந்தபோது பறித்துத் தின்று பார்த்தாள். கசக்கவில்லை. இன்னொன்று தின்றாள்.

அந்த முதல் நாள் தூங்கி விழித்ததும் பூவலிங்கம் பதறினான். "ஐயோ, அசந்துட்டேனே! வேலை கெட்டுப்போச்சே!"

"அதெல்லாம் ஒண்ணும் கெடல. கூழைக் குடிங்க" என்றாள் செங்கமலம். தம்பி விஷயத்தில் அவள் ஒரு பாடம் கற்றிருந்தாள். அதனால் காரணத்தைச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மத்தியானக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சினாள். மேலே ஒரு செம்பு மோரும் கொடுத்தாள். தினமும் பூவலிங்கம் குற்ற உணர்ச்சியோடு தூங்கினான். விழித்ததும் அந்தக் குற்ற உணர்ச்சி தீர இன்னும் இரண்டு குடம் சுமந்தான். சுமந்த களைப்பில் மறுநாள் இன்னும் ஆழமாகத் தூங்கினான்.

ஆடிக் கொடைக்குப் பதினெட்டுக் கூடை தக்காளி போயிற்று. வெள்ளரி எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. ரசம் கொதித்த வாசம் அடுத்த காடுவரை அடித்தது. யானையார் மூன்று தடவை வாங்கிக் குடித்தார். பிறகு மேடையேறி, "இந்தக் கொளுத்தற வெயில்ல எப்படிப்பா இவ்வளவு விளைஞ்சுது?" என்று கேட்டார்.

மைக்கை முதலில் பிடித்தது சடையாண்டிதான். விடாமுயற்சியைப் பற்றி அவன் நெடுநேரம் பேசினான். முன்வரிசையில் பாதிப்பேர் தூங்கிப்போனார்கள். பிறகு மைக் பூவலிங்கத்திடம் வந்தது.

"உழைப்புதான் ஐயா. வேற ஒண்ணுமில்ல. நடுவுல கொஞ்சம் அசந்துட்டேன், உண்மையைச் சொல்லணும்ல. அது மட்டும் இல்லாம இருந்திருந்தா இன்னும் பத்துக் கூடை வந்திருக்கும்" என்றான். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

செங்கமலம் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். பரிமாற வந்த குரங்கைக் கைகாட்டி நிறுத்தி, "அந்தப் பச்சடியை இன்னும் கொஞ்சம் வையி" என்றாள்.

நீதி: கடுமையாக உழையுங்கள். என்றாவது ஒருநாள் அசந்து தூங்கிவிடுவீர்கள். அன்றைக்குக் காய்க்கும்.