ஒரு சிடிக்கு ஐயாயிரம் லேபிள்

2009-ஆம் ஆண்டு ஆடி மாதம், சூலக்கரையில் இயங்கி வந்த பட்டாசு உரிமப் புதுப்பிப்புச் சிறப்புப் பிரிவு பொதுமக்கள் நலன் கருதி நவீனமானது. நவீனமான அன்றே பழைய பதிவேடுகளை அரக்கு வைத்து மூடிவிட்டார்கள். பழைய வழி அடைத்தாயிற்று, புது கம்ப்யூட்டர் வழி இன்னும் திறக்கவில்லை. இதற்கு 'மாறுதல் காலம்' என்று பெயர் சூட்டிச் சுற்றறிக்கையும் வந்தது.

லைசென்ஸ் இல்லாமல் பூட்டிக் கிடந்த கம்பெனிகளில் நாரணாபுரத்துக் கம்பெனியும் ஒன்று. அங்கேதான் சின்னத்தாய் வெடிக்குத் திரி வைக்கும் வேலை பார்த்தாள். தீபாவளி சீசனோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மகள் முத்துச்செல்வி இதே சிறப்புப் பிரிவில் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். அம்மா கம்பெனிக்கு எப்படியாவது லைசென்ஸ் அடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரே துடிப்பு.

லைசென்ஸ் அடிப்பதற்கென்று வந்திறங்கிய பெரிய சர்வருக்குள், மென்பொருளாலேயே ஆன நாலு கம்ப்யூட்டரைக் குடிவைக்க வேண்டும். குடிவைக்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதன் சிடியைப் போட்டால், நெட்வொர்க் கார்டைக் காணோம் என்று கையை விரித்தது. குறைந்த விலைப்புள்ளிக்கு வாங்கிய கார்டு. செய்தவனுக்கே அடையாளம் தெரியாது. சிடியில் இருப்பதைப் பிரித்து, அந்தக் கார்டை அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை உள்ளே வைத்து, மறுபடி ஒரே இமேஜ் கோப்பாகக் கட்டிப் புது சிடியில் எழுத வேண்டும். முத்துச்செல்வி உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் பதினோரு கமாண்ட் அடித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சிடி தயார்.

சிறப்பு அலுவலர் காசிராஜன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரே கறுப்பா இருக்கு? கலரு, படம் ஒண்ணும் கிடையாதா?"

"கமாண்ட்ல செஞ்சது சார். இப்பப் போட்டா சாயங்காலமே லைசென்ஸ் அடிச்சிரலாம்."

அவர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேபிள் எங்க?"

"ஸ்கெட்ச் பேனால எழுதியிருக்கேன் சார்."

"ஏம்மா, சிவகாசிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு லேபிள் இல்லாத சரக்கை உள்ள விடச் சொல்றீகளா? ஒரு ஊசிவெடிக்கே லேபிள் இருக்கு. இது அரசாங்கச் சிடி!"

கோப்பு நகர்ந்தது. லேபிளில் மயிலா தாமரையா என்று பதினேழு நாள் ஆய்வு. மயில் வென்றது. மயிலுக்குக் கீழே காசிராஜன் படம். அதற்கும் கீழே, 'பெரியவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்தவும்'. ஐயாயிரத்துக்குக் குறைந்து மிஷினை ஓட்ட மாட்டோம் என்றார்கள் அச்சகத்தில். ஐயாயிரம் அடித்தாயிற்று. ஒன்றை ஒட்டிவிட்டு மீதியைச் சும்மா வைத்திருந்தால் தணிக்கையில் வீண்செலவு என்று எழுதிவிடுவார்களே! ஆகவே, வீண்செலவைத் தவிர்க்கும் பொருட்டு ஐயாயிரம் சிடி வாங்க ஆணையிடப்பட்டது.

"சர்வர் ஒண்ணுதானே சார் இருக்கு?" என்றாள் முத்துச்செல்வி.

"அதுக்குத்தான் மீதி சர்வருக்கும் எழுதிப் போட்டிருக்கேன்."

லேபிள் ஒட்ட ஆள் வேண்டுமே? கம்பெனி பூட்டியதால் வேலையிழந்த பெண்களின் வாழ்வாதாரத் திட்டம் ஒன்று உடனே பிறந்தது. முப்பது பேர் வந்தார்கள். முதல் ஆளாக வந்து சம்மணம் போட்டவள் சின்னத்தாய்.

கமாண்டில் செய்த சிடிக்கும் மைதாப் பசை தடவி மயிலை ஒட்டினார்கள். கைதட்டலோடு அது சர்வருக்குள் போயிற்று. சுற்றியது, கரகரவென்றது, நின்றது. இழுத்துப் பார்த்தால் மயில் உள்ளே மாட்டிக்கொண்டது, காசிராஜன் மட்டும் கிழிந்து வெளியே வந்தார்.

முத்துச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விவரமான பிள்ளை, இன்னொரு சிடி எழுதி வைத்திருந்தாள். காசிராஜன் சாப்பிடப் போன சமயம் அம்மா காதோரம் குனிந்தாள்.

"அம்மா, லேபிள் இல்லாத சிடி ஒண்ணு பையில இருக்கு. வேற டிரைவ்ல போட்டேன்னா, பொழுது சாயுறதுக்குள்ள ஒங்க கம்பெனிக்கு லைசென்ஸ் வந்துரும்."

சின்னத்தாய் பசை விரலைச் சேலையில் துடைத்தாள். தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏத்தா, இன்னும் நாலாயிரம் ஒட்டணும். இங்கன மருந்து நாத்தம் இல்ல, எப்ப வெடிக்குமோங்கிற பயம் இல்ல, ரெண்டு வேளை டீ வேற. அம்புட்டையும் கெடுத்துப்புடாத. தீவாளி போகட்டும்."

சுற்றி இருந்த இருபத்தொன்பது பேரும் தலையாட்டினார்கள்.

முத்துச்செல்வி பையை மூடினாள். அன்றைய முன்னேற்ற அறிக்கையை அவளே எழுதினாள்: 'பணி துரிதமாக நடைபெற்று வருகிறது.' காசிராஜன் ஓர் எழுத்துகூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.