முழங்கால் அலையும் முழுத் தனிமையும்

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனிமேல் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது: ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு மேற்கே வசந்தகுமார் அந்தக் கடற்கரையைக் கண்டுபிடிப்பதற்கு முன், கண்டுபிடித்ததற்குப் பின். கடற்கரை அதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தது. அதன் மேல் ஓர் ஊரே நடந்துகொண்டும் இருந்தது. ஆனால் யாரும் பலகையில் ஏறி நிற்காத கடற்கரையைக் கடற்கரை என்று எப்படி ஒப்புக்கொள்வது? ரகசியம் கருதி ஊரின் பெயரை இங்கே தவிர்க்கிறோம். வேண்டியவர்கள் வசந்தகுமாரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வரைபடத்தோடு பார்த்துக்கொள்ளலாம்.

வசந்தகுமார் கமுதிப் பக்கத்தில் மிளகாய் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. தண்ணீரை லாரியில் பார்த்து வளர்ந்தவர். சென்னைக்கு வேலைக்குப் போன இடத்தில் அலைச்சறுக்கு பழகி, வேலையை உதறிவிட்டு, 'தனிமை அலை இயக்கம்' கண்டார். இயக்கத்தின் கொள்கை ஒன்றே ஒன்று: மனிதக் கால் படாத கரையில், தன்னந்தனியாக, அலை மேல் நிற்பது. அந்தத் தனிமையை நேரலையில் பார்க்க ஆயிரக்கணக்கானோர் காத்துக் கிடந்தார்கள். கொஞ்ச நாளாக அந்தக் கூட்டம் கரைந்துவந்தது. புதிதாக ஒரு கரை அகப்படாவிட்டால் இயக்கத்தை மூடிவிட்டு, அய்யாவோடு மிளகாய்க் காட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நெருக்கடியில்தான், கேமராக்காரி ஜோதிகாவுடன் அந்த ஊரில் வந்து இறங்கி, டீக்கடை வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த காஜா நவாஸிடம் போய் நின்றார். காஜா நவாஸ் வல்லம் என்கிற நாட்டுப்படகு வைத்து மீன் பிடிக்கிறவர்.

"பாய், இங்கன பெரிய அலை எங்க அடிக்கும்? ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது."

பெரிய அலையைத் தேடி வரும் மனிதனை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். "எதுக்குத் தம்பி, சாகவா?"

"அதுல ஏறி நிக்கணும்."

"நின்னு?"

"அப்படியே வரணும்."

"எங்க?"

"கரைக்கு."

"இப்ப கரையிலதான நிக்கிறீக?"

காஜா நவாஸ் நல்ல மனிதர். வழி கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது.

"கெழக்கே போங்க. கருவேலங்காட்டத் தாண்டுனா ஒரு முனை வரும். அங்கன ஆள் ஒசரத்துக்கு அலை அடிக்கும், ஒருத்தனும் போக மாட்டான். மேக்கே போயிராதீக. அங்கன ஒண்ணும் இல்ல. பாறை அலையத் தடுத்துரும், கொளம் மாதிரி கெடக்கும். தெக்குக் காத்துல நாங்க வல்லத்தக் கரையேத்த அது ஒண்ணுதான் எடம்."

நன்றி சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பியதும் வசந்தகுமார் ஜோதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "மேக்க ஒண்ணும் இல்லன்னாருல்ல? விடு வண்டிய மேக்க!"

"இல்லன்னா இல்லன்னுதான அர்த்தம்?" என்றாள் ஜோதிகா. அவள் மதுரைக்காரி.

"நீ டவுன்காரி. உனக்கு எங்க மாவட்டம் புரியாது."

அவர் சொன்னதில் ஆழ்ந்த அனுபவம் இருந்தது. மிளகாய் மூட்டை வீட்டுக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட, விளைச்சல் எப்படி என்று யாராவது கேட்டால், "இந்த வருசம் ஒண்ணும் இல்லண்ணே" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவர் அவர். உண்டு என்று சொன்னால் கண் பட்டுவிடும். எனவே 'ஒண்ணும் இல்ல' என்ற இடத்தில் எல்லாம் இருக்கும்; உண்டு என்று கைகாட்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. கடற்காரர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

மேற்கே கடல் குளம் மாதிரிதான் கிடந்தது. ஆனால் அறிவியல் கைவிடவில்லை. ஜோதிகா மணலில் குழி தோண்டி, அதற்குள் குப்புறப் படுத்து, கேமராவை மேல்நோக்கிப் பிடித்தாள். முழங்கால் உயர அலை படத்தில் பனைமர உயரத்துக்கு எழுந்தது. ஒரே ஒரு இடைஞ்சல்தான். காஜா நவாஸின் மனைவி உம்மு ஹபீபா அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? இங்க யாருமே இல்லன்னு எடுக்குறோம்."

"நான் இருக்கேன்லம்மா."

"அதான் தள்ளச் சொல்றோம்."

வீடியோவின் கீழே வசந்தகுமார் உருக்கமாக எழுதினார்: 'இந்த இடத்தை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.' மக்கள் கட்டுப்பாடு மிக்கவர்கள். நெருங்கியவர்களிடம் மட்டுமே சொன்னார்கள். அந்த மாதமே கரையில் 'தனிமை கஃபே' திறக்கப்பட்டது. தனிமைத் திருவிழா ஒலிபெருக்கியோடு நடந்தது. தன்னந்தனியாக நிற்க விரும்பியவர்கள் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வசந்தகுமாருக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் 'தனிமைப் பாதுகாப்புக் கூட்டம்' ஷாமியானாவின் கீழ் கூடியது. தனிமைக்கு ஊறு விளைவிப்பது எது என்று ஆராய்ந்ததில், படங்களில் வல்லங்கள் வந்து விழுவதே என்று தெரியவந்தது. வல்லங்களை அகற்றத் தீர்மானம் வந்தபோது காஜா நவாஸ் எழுந்தார்.

"தம்பி, தெக்குக் காத்து கெளம்பப் போகுது. வல்லத்த நான் எங்கன ஏத்துவேன்? உங்களுக்கு வேண்டிய அலை கெழக்கதான் இருக்கு. நெசமாச் சொல்றேன்."

"மொத நாளே மாத்தித்தான பாய் சொன்னீக?" என்று வசந்தகுமார் சிரித்தார்.

"மீன் கெடக்குற எடத்தத்தான் தம்பி மாத்திச் சொல்லுவோம். அலைய எதுக்கு மாத்திச் சொல்லணும்? அத வச்சு சோத்துக்கு ஆணமா காய்ச்சப் போறோம்?"

கூட்டம் கைதட்டி ரசித்தது. "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துருவோமே" என்றாள் ஜோதிகா. ஆள் உயர அலையில் தான் ஒருநாளும் நின்றதில்லை என்பது வசந்தகுமாருக்கு மட்டுமே தெரியும். மிளகாய்க் காடு ஒரு கணம் கண்ணெதிரே வந்து போனது. "நம்மள இங்கருந்து கெளப்புறதுக்குத் தந்திரம்" என்று மைக்கில் அறிவித்தார். தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. காஜா நவாஸ் பார்வையாளர் என்பதால் அவருடைய மனம் கணக்கில் வரவில்லை.

காற்று கிளம்பியது. காஜா நவாஸ் கிழக்கு முனையில் கரையேறத் தொடங்கினார். மனிதக் கால் படாத கரை, ஆள் உயர அலை, தன்னந்தனி ஆள். இயக்கத்தின் கொள்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நாலாம் நாள் அலை அவரை உச்சிக்குத் தூக்கிப் பாறையில் போட்டது. வல்லம் இரண்டாகப் பிளந்தது. நீந்திக் கரை சேர்ந்த மனிதர், விஷயம் கேட்டு ஓடிவந்த ஜோதிகாவிடம், ரத்தம் வழியும் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "தம்பிகிட்டச் சொல்லும்மா, நான் பொய் சொல்லலன்னு."

ஜோதிகா அழுதுகொண்டே மேற்கே போய்ச் சொன்னாள். வசந்தகுமார் பலகையைக் கீழே வைத்தார். பிறகு சுற்றி நின்ற பக்தர்களைப் பார்த்து, தழுதழுத்த குரலில் சொன்னார்:

"பாத்தீகளா, எவ்வளவு ஆபத்தான எடத்துக்கு நம்மள அனுப்பப் பாத்திருக்காரு!"