நிலவறை ஜாம்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த ஜாமைக் கரண்டியால் வழித்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தார். மலையில் இன்னும் இடுப்பளவு பனி கிடந்தது. காற்றோ வெதுவெதுப்பாக வீசியது. சாயங்காலம் பெருமழை, பனியும் மழையும் சேர்ந்து இறங்கும், அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரேடியோ சொல்லி ஓய்ந்திருந்தது.

"சர்க்கரை தூக்கல்," என்றார் டிரைவர். குளிர்காலம் முழுக்க அவர் தினமும் சொன்னதுதான்.

"தெரியும் மாமா," என்ற மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்த மாதிரி இருந்தது. டிரைவருக்கு அது திமிராகப் பட்டது.

அவர் கவலை வேறு. கீழே நிலவறை அலமாரியில் ஒரு வரிசை ஜாம் பாட்டில்கள் இருந்தன. ஜாமை நிலவறையில் அடுக்குவது அவர் மனைவியின் வழக்கம். அவள் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்து, ஏதோ எடுக்கக் கீழே இறங்கியவர், அந்த வரிசையைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே வந்து ஒரே உத்தரவு: கீழே இருக்கும் பாட்டிலை யாரும் தொடக்கூடாது. ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடுமே. மருமகள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. சமையலறை அலமாரியில் இருந்ததையே எடுத்து வைத்தாள். அவரும் குறை சொல்லிச் சொல்லியே அதைத் தின்று தீர்த்தார்.

முன்பொரு வருஷம் வெள்ளத்தில் அந்த நிலவறை அலமாரி கவிழ்ந்து ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. அந்த நினைப்பு வந்ததும் டிரைவர் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கி, யாருக்கும் தெரியாமல் பரணில் ஏற்றினார்.

ஏணியிலிருந்து இறங்கும்போது மகன் எதிரே வந்தான். கூரைமேல் இருக்கும் பனி மழைத் தண்ணீரை அப்படியே குடித்துவிடும், பாரம் இரண்டு மடங்காகும், முதல் ஆபத்து பரணுக்குத்தான் என்று தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

டிரைவர் மண்வெட்டியோடு கூரை ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸை ஒடித்துத் திருப்பிய கைக்குக் கூரை எம்மாத்திரம். ஒரு பக்கத்துப் பனி முழுவதையும் தள்ளிவிட்டார். அது நேராகப் போய் முற்றத்து வடிகாலை அடைத்து, நிலவறை ஜன்னலையும் உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. உருகிய தண்ணீர் பின்னாலேயே போயிற்று.

வாளியோடு கீழே ஓடிய மகன் உடைந்த ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அப்பா, வீட்டைக் காப்பாத்துறீங்களா, பனியால ரொப்புறீங்களா?"

ஒரு பக்கம் மட்டும் பாரம் குறைந்த கூரை கோபித்துக்கொண்டு முனகியது. டிரைவர் அவசரமாகக் கூடையைப் பரணிலிருந்து இறக்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நின்ற காரின் பின்சீட்டில் வைத்தார். அப்போதுதான் மழை பிடித்தது. ஷெட்டுக்கு மேலிருந்த சரிவை நிமிர்ந்து பார்த்தார். அங்கிருந்த பனி இவரையே பார்ப்பது போலிருந்தது.

காரை வெளியே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். சர்வீஸ் முழுக்க வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவர். கார் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி, நேராகவே இறங்கி, வாசல் கேட்டின் தூணில் முட்டி நின்றது. கூடை பின்சீட்டிலிருந்து எகிறி அவர்மேலேயே கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகள், அவர் சட்டையெல்லாம் சிவப்பாக இருப்பதைக் கண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் ஜாம் வாசனை மூக்கில் ஏறியது.

"அடி எங்க மாமா?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் அவர். மடியில் உடையாமல் கிடந்த ஒரே ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இருட்டும்போது மழை ஓய்ந்தது. சரிவுப் பனி இருந்த இடத்திலேயே இருந்தது. நிலவறைத் தண்ணீர் கணுக்கால்வரைகூட வரவில்லை. அலமாரி ஆடாமல் அசையாமல் நின்றது.

சாப்பாட்டு மேஜையில் டிரைவர் அந்த ஒற்றைப் பாட்டிலைத் திறந்தார். இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"இது ஜாம். அளவான இனிப்பு. என்ன இருந்தாலும் உங்க அத்தை கை வருமா?"

மகன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"இது அத்தை போனப்புறம் நான் போட்டது மாமா. அத்தை போட்டது பழசாச்சே, முதல்ல காலியாகட்டும்னு மேல சமையலறையில எடுத்து வெச்சேன். இன்னிக்குக் காலையில வழிச்சுச் சாப்பிட்டீங்களே, அதுதான் கடைசி."