நசுங்க மறுத்த எலுமிச்சம்பழம்

உயரப் போக ஆசைப்பட்டுக் கெட்டவர்களை எல்லோருக்கும் தெரியும். கீழே இறங்க ஆசைப்பட்டுக் கெட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் வெறும் அரைச் சாண் இறக்கம்.

அப்போது கண்டியில் ஒரு புடவைக் கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. குண்டசாலையில் வாடகை வீடு, அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, பிறகு ஒரு பழைய பீட்டில் கார். காருக்கு என்னைவிட வயது அதிகம். எங்கள் பரம்பரையே பஸ் படியில் தொங்கிய பரம்பரை. அதில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன் நான் என்பதால், காரை ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தி பேக்கரியில் பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றபோது அந்தச் சிவப்புக் கார் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, தவழ்ந்தது. அதன் வயிற்றுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைக்க முடியாது. சக்கரங்கள் பாதிவரை மட்கார்டுக்குள் புதைந்திருந்தன. ரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து மரியாதையாக வழிவிட்டது. நான் அப்படியே சொக்கிப்போய் நின்றேன். தேர் முச்சந்தியில் திரும்பும்போது நெஞ்சுக்குள் ஒன்று நிறைந்து நிற்குமே, சத்தியமாக அதே பிரமிப்பு. கார் போய் வெகுநேரம் கழித்துத்தான் பாண் கீழே விழுந்து கிடப்பதைக் கவனித்தேன். (அந்த நாய் முதலிலேயே கவனித்துவிட்டது.)

அன்றே கட்டுகஸ்தோட்டைக்கு ஓடினேன். அங்கே என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி நசீர் கராஜ் வைத்திருந்தான். நசீரும் என்னைப் போலவே கிறுக்கன்தான். அவன் கையில் வெல்டிங் கருவியும் இருந்தது, அதுதான் ஆபத்து.

பீட்டில் காருக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பின்பக்கம் குறுக்கே ஒரு குழாய், அதற்குள் ஒரு முறுக்குக் கம்பி, அதன் நுனியில் பல் பல்லாக வெட்டியிருக்கும். கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் கார் ஒரு படி கீழே உட்கார்ந்துவிடும்.

"ஒரு பல்லு எறக்கினா போதும் மச்சான்," என்றான் நசீர்.

"ரெண்டு எறக்கினா?"

நசீர் காரைப் பார்த்தான். அவன் கண்ணிலும் ஒரு சிவப்புக் கார் தவழ்ந்து போனது எனக்குத் தெரிந்தது. "அல்லாவே, பாக்க எப்பிடி ஈக்கும்!" என்றான்.

பின்பக்கம் இரண்டு பல் இறக்கினான். முன்பக்கத்துக் குழாயை வெட்டித் திருப்பி, வெல்டிங் வைத்து அதையும் இறக்கினான். வேலை முடிந்து வெளியே உருட்டினோம். என் கார்! ரோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. (நான் அழுததாக நசீர் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது வெல்டிங் புகை.)

ஒன்றே ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தியது. முன் சக்கரங்கள் நேராக நின்றன. பின் சக்கரங்கள் இரண்டும் தலையை உள்ளே சாய்த்து, பாதத்தை வெளியே பரப்பி, சுமை தூக்கியவனைப் போல நின்றன.

"பின்னுக்குக் கொஞ்சம் அகட்டி நிக்குதே?" என்று கேட்டேன்.

"அதுதான் ஸ்டைலு," என்றான் நசீர். எனக்கு அந்தப் பதில் தாராளமாகப் போதுமாக இருந்தது.

அந்த ஸ்டைலுக்குக் காணிக்கையாகப் பின்னால் இரண்டு புது டயர் போட்டேன். சக்கரம் சாய்ந்து நின்றதால் டயரின் உள்விளிம்பு மட்டும்தான் ரோட்டில் நடந்தது. மற்றப் பாகமெல்லாம் சும்மா கூட வந்தது. இது எனக்கு எப்படித் தெரியும்? காரைப் பார்க்கிறவன் வெளியிலிருந்துதானே பார்க்கிறான்! வெளியிலிருந்து பார்த்தால் வாரக்கணக்காக ஓடிய பிறகும் புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. நம் கார் டயரைத் தேய்க்காமலே ஓடுகிறது என்று கடையில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். எனக்கே என் கார்மீது பக்தி வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் ஜெயந்தி விஷயம் முற்றியது. ஜெயந்தி பேராதனையில் ஆசிரியை. கலஹா பஸ்ஸில் வந்து போவாள். அவளுடைய அப்பா கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். எங்கள் விஷயத்தை அவள் வீட்டில் சொன்ன அதே வாரம், வத்தேகமவில் இரும்புக்கடை வைத்திருந்தவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். பெரிய கிளாக்கர் நியாயஸ்தர். இரண்டு பையன்களையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிவிட்டார்.

பஸ் நிலையத்தில் வைத்து ஜெயந்தி சொன்னாள்: "எங்க அப்பா படிப்பப் பாக்க மாட்டாரு, சொத்தப் பாக்க மாட்டாரு. ஆளு நிதானமானவனான்னு மட்டுந்தான் பாப்பாரு. தயவுசெஞ்சு நீங்க எல்லாரும் பஸ்ஸுல வாங்க."

பஸ்ஸிலா? வீட்டில் இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டா? காதலியின் அறியாமையை எண்ணி மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால் ஏறினார். அம்மாவும் அத்தையும் பின்னால் ஏறினார்கள். அத்தை கொஞ்சம் பாரமான மனுஷி. அவள் உட்கார்ந்ததும் பின்பக்கம் இன்னும் இறங்கி, சக்கரங்கள் இன்னும் காலைப் பரப்பின. பேராதனை தாண்டி மலை ரோட்டில் ஏறியதும், மேடு வருகிற இடமெல்லாம் அடித்தட்டு தரையில் இடித்தது. "கொஞ்சம் எறங்குங்க" என்பேன். மூவரும் இறங்கி நடப்பார்கள். கார் மேட்டைக் கடந்ததும் ஏறுவார்கள். தேயிலைக்கு நடுவே பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து நடந்த அத்தைதான் கேட்டாள்: "ஏன்டா, நாம காருல போறோமா, இல்ல காரு நம்மகூடத் தொணைக்கு வருதா?"

பெரிய கிளாக்கர் வீட்டு வாசலில் கார் போய் நின்றதும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"வண்டி பாரம் தாங்கலியோ?"

"இல்லைங்க. இது ஸ்டைலுங்க."

"ஓஹோ," என்றார். அவ்வளவுதான். அந்த "ஓஹோ"வைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட என் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

உள்ளே எல்லாம் நன்றாகவே நடந்தது. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வடையைக்கூடச் சத்தமில்லாமல் தின்றேன். ஜெயந்தி தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோது கண்ணால் சிரித்தாள். புறப்படும்போது பெரிய கிளாக்கரின் முகம் தெளிந்திருந்தது. "நல்லதுங்க, கூடிய சீக்கிரம் சொல்லி அனுப்புறோம்," என்று அப்பாவின் கையைப் பிடித்தார். வத்தேகம இரும்புக்கடை இடிந்து விழும் சத்தம் என் காதில் கேட்டது.

அப்படியே புறப்பட்டிருக்கலாம். ஆனால் ஜெயந்தியின் அம்மா உள்ளேயிருந்து நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். "நல்ல காரியத்துக்கு வந்த வண்டி, சும்மா அனுப்பக் கூடாது. கண்ணு கழிச்சு அனுப்பணும்."

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்தார்கள். காரை எடுத்தேன். முன்பக்கத்துப் பழம் இரண்டும் சளக்கென்று நசுங்கின. பின்பக்கத்துப் பழங்கள் சக்கரம் தொட்டதும் வெளியே துள்ளி, முழுசாக உருண்டு, சரிவில் இறங்கிப் போயின.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சரிவையே பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கினால் கண்ணேறு போய்விட்டது என்று அர்த்தம். நசுங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் உலகத்தில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததே இல்லை.

காரைப் பின்னால் எடுத்தேன், மறுபடி வைத்தார்கள். மறுபடியும் துள்ளின. ஒன்று பெரிய கிளாக்கரின் வெள்ளை வேட்டியில் போய் மோதியது. "நீங்க வைக்கிற வெதம் சரியில்ல," என்று அத்தையே இறங்கி, சாமி பெயரைச் சொல்லி, தன் கையால் வைத்தாள். அவள் வைத்த பழம் இன்னும் வேகமாகப் போனது. பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பா வானத்தைப் பார்த்தார். ஜெயந்தியின் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இது நல்ல சகுனமாப் படலியேங்க," என்று கணவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பெரிய கிளாக்கரின் தெளிந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது. ஒரு பழத்தால் என் வாழ்க்கை போகப்போகிறது என்று உண்மையாகவே பயந்தேன்.

அப்போதுதான் ஜெயந்தி வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கதவுக்குப் பின்னால் நிற்பதுதான் வழக்கம். அவள் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். டயரின் வெளிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவே தன் விரல்களை விட்டாள். விரல் உள்ளே போனது! நின்றுகொண்டிருக்கிற காரின் சக்கரத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் விரல் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்து மொத்த வாசலும் "ஆ" என்றது. கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்த நானும் "ஆ" என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்த தன் அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்து, அதன் நுனியால் பழத்தை நன்றாக உள்ளே தள்ளினாள். மறுபக்கமும் போய்த் தள்ளினாள். எழுந்து, "இப்ப எடுங்க," என்றாள்.

எடுத்தேன். இரண்டும் நசுங்கின. அத்தை கைதட்டினாள். எனக்கு வந்த நிம்மதியில் காலை அழுத்திவிட்டேன். கார் வாசலைத் தாண்டி, கல் பரப்பிய பாதையில் பாய்ந்தது.

டமார்!

வலது பின் டயர். மரத்திலிருந்த காகமெல்லாம் கிளம்பிவிட்டது. ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜாக்கியை அடியில் வைத்தால்தானே? கார்தான் ரோட்டைக் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிறதே! படுத்து, உருண்டு, மண்ணை நோண்டிப் பார்த்தேன். கடைசியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்திலிருந்து ஆட்கள் வந்து, "ஏலேலோ" போட்டு, காரை அப்படியே கையால் தூக்கிப் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய கிளாக்கரும் நின்று தூக்கினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் காரைப் பெண்வீட்டு ஊரே சேர்ந்து சுமந்ததை நான் தரையில் உட்கார்ந்தபடி, நட்டைக் கழற்றிக்கொண்டே, அண்ணாந்து பார்த்தேன்.

மாற்றுச் சக்கரம் மாட்டி முடிந்ததும் பெரிய கிளாக்கர் வெடித்த டயரை நிமிர்த்தினார். வெளிப்பக்கம் பளபளப்பு, ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. மெல்லத் திருப்பினார். உள்விளிம்பில் ரப்பரே இல்லை. கம்பி கம்பியாகத் தொங்கியது. ஒரே டயர் ஒரு பக்கம் பிறந்த குழந்தையாகவும் மறுபக்கம் கிழவனாகவும் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெளிய புதுசு," என்றார். "உள்ள கம்பி." டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார்.

என்னைக் காப்பாற்றியது முதலில் ஜெயந்தியின் அம்மாதான். அவர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு மலைத்துப்போய் நின்றார். "அம்மாடி! எவ்ளோ பெரிய கண்ணு பட்டிருந்தா டயரே வெடிச்சிருக்கும்! எல்லாம் இன்னையோட கழிஞ்சுபோச்சு!"

பெரிய கிளாக்கர் அதற்கெல்லாம் மசிகிறவரில்லை. மகளிடம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

ஜெயந்தியின் கையில் இன்னும் குடை இருந்தது. நுனியில் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது. "வத்தேகமக்காரரு வண்டி நேராத்தான்பா ஓடும், எனக்குத் தெரியும். ஆனா இவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மூஞ்சியப் பாருங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வாய் திறந்திருந்தது மட்டும் தெரியும்.

"சக்கரம்தானேப்பா கோணல்," என்றாள். "நிமித்திக்கலாம்."

இத்தனை பேருக்கு முன்னால், இந்தக் கோலத்தில் நின்ற ஒருவனுக்காக இப்படிப் பேச ஒருத்தி இருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்புக் காரைப் பார்த்து வந்ததெல்லாம் பிரமிப்பே இல்லை.

பெரிய கிளாக்கர் கையிலிருந்த கரியைத் தட்டினார். "மொதல்ல காரத் தூக்கிட்டு வாங்க தம்பி," என்றார். "அப்பறம் தேதி பாப்போம்."

அப்பாவும் அம்மாவும் அத்தையும் பஸ்ஸில் போனார்கள். நான் தனியாகக் காரை ஊர்ந்து ஓட்டி, நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். நசீர் இரண்டு பல்லையும் ஏற்றி, முன்குழாயையும் பழையபடி வெட்டி ஒட்டினான். கல்யாணத்தன்று மாமனார் மாலை போடுவதற்கு முன்னால் எல்லோரும் பார்க்கக் குந்தி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் விரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை. பிறகுதான் மாலை விழுந்தது.

வெடித்த டயர் கலஹாவில் மாமனார் வீட்டுத் தோட்டத்தில் நெடுநாள் கிடந்தது. வருகிற விருந்தாளிகளிடம் முதலில் வெளிப்பக்கத்தைக் காட்டுவார். அவர்கள் வியந்ததும் புரட்டிக் காட்டி, "எங்க மாப்பிள்ள," என்பார்.

போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். நல்ல வேலை, நல்ல பேச்சு. எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெயந்தியை மட்டும் காணவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் நின்ற அவனுடைய காருக்குப் பக்கத்தில், கையில் குடையோடு குந்தியிருந்தாள்.

ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்து முடித்து, சேலையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாலும் நேராத்தான் நிக்குது," என்று என் காதில் சொன்னாள். பிறகு அந்தப் பையனை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தாள். "ஆனா உங்க மூஞ்சி மாதிரி இல்ல. இன்னும் கொஞ்சம் பாப்போம்."