குளவிப் பிரபுவின் புதுப் பாட்டு

"இடைவேளை முடிஞ்சதும் புதுப் பாட்டு," என்றார் மேடையில் குளவிப் பிரபு. "பேரு 'காணாமப் போன ஆடு'. நானே எழுதினது. சம்பந்தப்பட்ட உத்தம ஆத்மா இந்தக் கூடாரத்துலதான் உக்காந்திருக்கு."

கூடாரம் அதிரக் கைதட்டினார்கள். கத்பர்ட் லெசாமாவுக்கு மட்டும் வேர்க்கடலை தொண்டையில் நின்றது.

கார்னிவல் நெருங்கிவிட்டால் ட்ரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தப்புச் செய்தவர்கள் போலீசுக்குப் பயப்படுவதில்லை. ஊர்க் கதையைப் பாட்டாகக் கட்டிப் பாடும் கலிப்சோ பாடகருக்குத்தான் பயப்படுவார்கள். போலீசில் மாட்டினால் ஆறு மாதம். பாட்டில் மாட்டினால் பேரன் காலம் வரைக்கும்.

கத்பர்ட் செய்த தப்பு இதுதான். மாமியார் யூடோராவின் செல்ல ஆடு க்ளெமென்டினா, அவனுடைய கார்னிவல் இறகு உடுப்பை முழுசாகத் தின்று ஏப்பம் விட்டது. அவன் ஓசைப்படாமல் ஆட்டை ஆபீஸ் விருந்துச் சமையல்காரரிடம் ஒப்படைத்தான். விருந்துக்கு மாமியாரும் வந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து, ஆடு திரும்பி வர அந்தோணியாருக்குத் தினம் ஒரு மெழுகுவத்தி.

குடியிருப்பதோ மாமியார் வீட்டில். விஷயம் தெரிந்தால் அவன் பெட்டி தெருவில் கிடக்கும்.

"மெர்ல், மயக்கமா வருது. வீட்டுக்குப் போயிடலாம்."

"வரும், வரும். டிக்கெட்டுக்கு வெயில்ல நின்னவ நானு," என்றாள் மனைவி. சிரித்துச் சிரித்து அவள் கண்மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

தனியாகவாவது போகலாமென்று எழுந்தான். மாமியார் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க மாப்ளே. இப்ப எந்திரிச்சா நம்ம வீட்டுக் கதைன்னு ஊரே நெனைக்கும்."

அவள் கை ஜில்லென்றிருந்தது. குளிர்பானம் பிடித்த கை என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து, அவள் விசிறியை வாங்கி முகத்தை மறைத்தான். குளவி விடுமா? அந்த நிமிஷமே கட்டிப் பாடியது:

"விசிறிக்குப் பின்னால ஒரு மூஞ்சி, அது
வேர்த்துக் கொட்டுது எதுக்கோ அஞ்சி!"

ட்ரம்பெட் அலறியது. விளக்கு அவன் மேல் திரும்பியது. ஐந்நூறு பேர் அந்த வரியைத் திருப்பிப் பாடினார்கள். மெர்ல்தான் எல்லாரையும்விட உரக்க.

இடைவேளை விட்டதும் கத்பர்ட் மேடைக்குப் பின்னால் ஓடினான். குளவிப் பிரபு வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு தையற்காரம்மா அவர் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அந்த ஆட்டை விருந்துக்கு அனுப்பினது நான்தான். என் பேரை மட்டும் பாட்டுல சொல்லிடாதீங்க. மாமியாருக்குத் தெரிஞ்சா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

குளவிப் பிரபு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"அனுப்பினது நீயா? அது எனக்குத் தெரியாதே. நல்லவேளை சொன்ன. மூணாவது சரணம் இல்லாம முழிச்சிக்கிட்டிருந்தேன்."

கத்பர்ட் பென்சிலைப் பிடுங்கப் பார்த்தான். "அப்போ பாட்டு யாரைப் பத்தி?"

அவர் எழுதிக்கொண்டே போனார். தையற்காரம்மாதான், நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்:

"உங்க மாமியாரைப் பத்தித்தான் தம்பி. மொத வாயிலயே நம்ம ஆடுன்னு தெரிஞ்சுபோச்சாம், ஆனா ருசி விடலையாம், ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்கினாங்களாம். மாப்ளைக்குத் தெரிஞ்சா மூஞ்சில முழிக்க முடியாதுன்னு போன வாரம் இவரு காதுபட எங்கிட்ட வந்து ஒரே அழுகை."